இதெல்லாம் சகஜமாமே!

லைசென்ஸ், டிப்ளமா, முன் அனுபவம் எதுவுமே இல்லாமல் நம் ஊரில் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய தொழில் ஒன்று உண்டு. கர்ப்பிணிக்கு அட்வைஸ் கொடுப்பது! பால்காரர், கீரைக்கார அம்மா, சிலிண்டர் கொண்டு வருகிறவர், மாடிப்படியில் மூச்சு வாங்க நிற்கும் எல்.ஐ.சி. ஏஜெண்ட் எல்லோருமே இதில் ஸ்பெஷலிஸ்ட். ஆனால், இவர்களிடம் இருப்பது இரண்டே மருந்துதான். ஒன்று, 'அதைச் சாப்பிடாதே.' இன்னொன்று, 'இதெல்லாம் சகஜம்.'

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது மருந்தைப் பற்றியது. கல்யாணமான, ஆகப்போகிற, ஆகுமா என்று ஜோசியரைப் பார்த்துக் கொண்டிருக்கிற ஆபீஸ் நண்பர்கள் படித்து வைத்துக் கொள்ளலாம். பெண்கள் படிப்பதிலும் ஆட்சேபணை இல்லை. நான் தப்பாகச் சொன்னால் திருத்த ஆள் வேண்டாமா?

2023 தீபாவளிக்கு மறுவாரம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு டப்பாவில் பட்சணம் பாக்கி இருக்கும்போதே என் மனைவிக்கு மசக்கை ஆரம்பித்தது. டப்பாவின் மூடியைத் திறந்தால் போதும், அவள் பாத்ரூமை நோக்கி ஓடுவாள். 'மார்னிங் சிக்னஸ்' என்று பேர் வைத்த இங்கிலீஷ்காரனை நான் ஒருதரம் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ராத்திரி பத்தரை வரைக்கும் மார்னிங்தான்!

தாளிக்கிற வாசனை ஆகவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஆகவில்லை. என் ஆஃப்டர் ஷேவ் லோஷன் முதல் வாரத்திலேயே நாடு கடத்தப்பட்டது. இரண்டாவது வாரம் தேங்காய் எண்ணெய். மூன்றாவது வாரம் நானே போக வேண்டியிருக்குமோ என்று பயந்து போனேன்.

டாக்டரம்மா சொன்ன வைத்தியம் ரொம்ப எளிது. காலையில் கண் விழித்ததும் எழுந்து நிற்கக் கூடாது. படுக்கையிலேயே ரெண்டு ரஸ்க்கோ, ஒரு கைப்பிடி பொரியோ மென்று, கால் மணி கழித்து மெதுவாக எழுந்திருக்க வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடு என்கிற சட்டத்தை ரத்து செய்துவிட்டு, ரெண்டு மணிக்கு ஒருதரம் கொஞ்சம் கொஞ்சமாக. வயிறு காலியாக இருந்தால் குமட்டல் ஜாஸ்தி. தண்ணீரைச் சாப்பாட்டோடு மடமடவென்று குடிக்காமல் நடுநடுவே வாய் வாயாக. இஞ்சி பலருக்குக் கேட்கிறது. அதற்கும் மசியாவிட்டால் வைட்டமின் பி6-ம் டாக்ஸிலமினும் சேர்ந்த மாத்திரை இருக்கிறது, டாக்டர் எழுதிக் கொடுத்தால் போடலாம்.

இதில் புருஷனின் டிபார்ட்மெண்ட் எது? ராத்திரியே ரஸ்க் டப்பாவைத் தலைமாட்டில் வைப்பது, தாளிப்பது, குப்பைக் கூடையை வெளியே கொண்டு போவது. அவ்வளவுதான். இந்த மூன்றையும் செய்தால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. எனக்குக் கொஞ்சம் கூடியது. ரசத்தில் கடுகு வெடிக்கிற பக்குவம் இப்போது எங்கள் வீட்டில் எனக்குத்தான் தெரியும்.

எங்கள் ஹெட் கிளார்க் மட்டும் ஒப்புக் கொள்ளவில்லை.

"எல்லாம் மனசு சார். எங்கம்மா ஆறு பெத்தாங்க. களையெடுத்துக்கிட்டே பெத்தாங்க. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குச் சொகுசு."

அவருடைய அம்மாவுக்கு வாந்தி வந்ததா இல்லையா என்பதை ஹெட் கிளார்க் எங்கிருந்து பார்த்தார் என்று கேட்க நினைத்தேன். இன்க்ரிமெண்ட் ஞாபகம் வந்தது. கேட்கவில்லை.

என் சார்பில் பதில் சொல்ல விஞ்ஞானிகள் வந்தார்கள். அதே 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. கர்ப்பத்தில் குமட்டலைக் கிளப்பும் முக்கியமான ஆசாமி ஜி.டி.எஃப்-15 என்கிற ஹார்மோன். கருவும் நஞ்சும் உள்ள பக்கத்திலிருந்து அது தாயின் ரத்தத்துக்கு வருகிறது. கர்ப்பத்துக்கு முன்னால் அந்த ஹார்மோன் உடம்பில் குறைவாக இருந்த பெண்களுக்குப் பழக்கமில்லாததால் அவதி ஜாஸ்தி. மனசும் இல்லை, சொகுசும் இல்லை! ஆராய்ச்சியில் முக்கியமான பங்கு மார்லினா ஃபெஜோ என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு. 1999-ல் அவரே கர்ப்பமாக இருந்தபோது ஒரு வாய் தண்ணீர் தங்காமல் வாந்தி எடுத்து, கடைசியில் குழந்தையையும் இழந்தவர். கவனத்தை ஈர்க்கத்தான் இப்படிச் செய்கிறீர்கள் என்கிற மாதிரி அவருடைய டாக்டரே அப்போது பேசினாராம். அமெரிக்காவிலும் ஹெட் கிளார்க்குகள் இருக்கிறார்கள்!

ஆகவே ஒன்றை மட்டும் குறித்துக் கொள்ளுங்கள். சாதாரணமாக மூன்று, நாலு மாதத்தில் மசக்கை அடங்கிவிடும். ஆனால் குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் அடர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகிறது, எடை இறங்குகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால், அது சகஜம் இல்லை. டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய விவகாரம்.

பொங்கலோடு வாந்தி நின்றது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். நெஞ்செரிச்சல் கதவைத் தட்டியது. அதன் பின்னாலேயே மலச்சிக்கல்.

இதற்கெல்லாம் மூலகாரணம் புரோஜெஸ்டிரோன் என்கிறார்கள். கர்ப்பப்பை அவசரப்பட்டுச் சுருங்கிவிடாமல் தசையைத் தளர்த்தி வைக்கிற நல்ல ஹார்மோன்தான். ஆனால், நம் ஆபீஸ் சர்க்குலர் மாதிரி, அதற்கு ஒரு செக்‌ஷனுக்கு மட்டும் போகத் தெரியாது. எல்லா செக்‌ஷனுக்கும் போய்விடும். 'தளர்ந்து இரு' என்ற உத்தரவு உணவுக்குழாயின் அடிவாசலுக்கும் போகிறது. அது சரியாக மூடாமல் வயிற்று அமிலம் மேலே ஏறுகிறது. குடலுக்கும் போகிறது, அது அரசாங்க ஃபைல் வேகத்தில் நகர ஆரம்பிக்கிறது. போதாக்குறைக்கு, வளருகிற கர்ப்பப்பை இரைப்பையைக் கீழிருந்து நெருக்குகிறது.

ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்கு முடித்துவிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் எரிச்சல் பாதி குறையும். சாப்பிட்டதும் சாயக்கூடாது. காரம், எண்ணெய்ப் பலகாரம் குறைய வேண்டும். கட்டிலின் தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். நான் செங்கல் வாங்கி வந்தேன். நாலே நாலு செங்கல். ஹவுஸ் ஓனர் வாசலிலேயே மடக்கி, "என்ன சார், மேல ரூம் ஏதும் எடுக்கறீங்களா?" என்று விசாரித்தார்.

மலச்சிக்கலுக்குக் கீரை, பழம், தண்ணீர், சாயந்திர நடை. நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாளுக்குக் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையும் கொஞ்சம் கல்லாக்கும். மலம் கறுப்பாகப் போகும். பயப்படவும் வேண்டாம், மாத்திரையை ஜன்னல் வழியே வீசவும் வேண்டாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் டாக்டர் வேறு மாற்றித் தருவார். முக்கியமான சமாசாரம், அந்த மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்கினால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது. எலுமிச்சை ஜூஸோடு பேஷாகப் போடலாம். டிகிரி காபியில் கண் விழிக்கிற குடும்பத்தில் இதை அமல்படுத்த நான் பட்ட பாடு தனிக் கட்டுரை.

இன்னொரு விஷயம். சில பெண்களுக்குச் சாம்பல், பல்பம், செம்மண் மேல் ஆசை வரும். 'மசக்கை ஆசை, தடுக்காதே' என்பார்கள் பெரியவர்கள். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றாலே கர்ப்பிணிக்கு ரத்தசோகை என்று கணக்கு. வீட்டில் பல்பம் குறைந்து கொண்டே வந்தால் ஸ்டேஷனரிக் கடைக்கு ஓடாதீர்கள், லேபுக்கு ஓடுங்கள்.

ஆறாம் மாதம். ராத்திரி ரெண்டு மணி. "என்னங்க... ஐயோ... காலு!"

திருடன் என்று நினைத்து எழுந்தேன். குரக்களி! கெண்டைக்கால் சதை பந்து மாதிரி சுருண்டு கொள்ளும். வலி உயிர் போகும். இந்த நேரத்தில் 'பொட்டாஷியம் குறைவா இருக்குமோ' என்று மொபைலைத் தேடுகிறவன் மனிதனே இல்லை. முட்டியை நேராக நீட்டிப் பிடித்துக் கொண்டு, பாதத்தின் முன்பகுதியை முழங்காலைப் பார்க்கிற திசையில் மெதுவாக அழுத்த வேண்டும். அரை நிமிஷத்தில் சதை விட்டுக் கொடுக்கும். பிறகு நீவி விடலாம். படுக்கப் போகும் முன் சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை இழுத்து விடுகிற பயிற்சியும் சிலருக்கு உதவும். இந்த வேலையில் நான் இப்போது சீனியர் கிரேட். ஆனால், ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக, வலி விடாமல் இருந்தால் நீவவே கூடாது. ரத்தக்கட்டாக இருக்கலாம். நேரே ஆஸ்பத்திரி.

இடுப்புவலிக்கு இரண்டு காரணம். வயிறு முன்னால் போகப் போக, முதுகு பின்னால் வளைந்து ஈடு கட்டுகிறது. மூட்டுகளை இணைக்கிற நார்களும் இளகுகின்றன. தட்டையான செருப்பு, கீழே குனியாமல் முட்டியை மடக்கி எடுப்பது, முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை. எங்கள் வீட்டில் தலையணை நாலு, மூன்று அவளுக்கு. நாலாவதில் நான் பாதி, அவளுடைய முதுகு பாதி. ஏழாம் மாதத்திலிருந்து, அதாவது 28 வாரம் ஆனதும், மல்லாந்து தூங்கப் போகக் கூடாது. ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். தூக்கத்தில் தானாகப் புரண்டுவிட்டால் பதற வேண்டாம், விழிப்பு வந்ததும் திரும்பிப் படுத்தால் போதும்.

வளைகாப்பு முடிந்து அவளை லால்குடிக்கு அழைத்துப் போனார்கள். நான் தலையணைகள் நாலும் சொந்தமாகிப் போய்த் தூக்கம் வராமல் கிடந்தேன். தினம் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன்.

ஒன்பது மணிச் செய்திகளில் தலைப்புச் செய்தி எப்போதும் சிறுநீர்தான். "இன்னிக்கு எத்தனை தடவை எழுந்தேன் தெரியுமா?" கிட்னி வழக்கத்தைவிட ஜாஸ்தி வேலை செய்கிறது, பிள்ளையின் தலை மூத்திரப்பையில் சாய்கிறது. அதற்காகத் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. எரிச்சல், காய்ச்சல் இருந்தால் மட்டும் சோதிக்க வேண்டும். இரண்டாவது செய்தி, கால் வீக்கம். கர்ப்பத்தில் உடம்பிலுள்ள ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதியளவு கூடுகிறது. கர்ப்பப்பையின் பாரத்தில் காலிலிருந்து ரத்தம் மேலேறத் தாமதமாகிறது. அதனால் சாயந்திரம் பாதம் வீங்கும். காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் காலையில் வடிந்திருக்கும். அது நிஜமாகவே சகஜம்.

2024 மே மாதம், அக்னி நட்சத்திரம் முடியப்போகிற சமயம். ஒன்பது மணிப் போனில் குரல் வேறு மாதிரி இருந்தது.

"என்னங்க, மோதிரம் கழல மாட்டேங்குது. சோப்புப் போட்டும் வரலை."

"கால் எப்படி இருக்கு?"

"கால் இருக்கட்டும். கண்ணாடில பாத்தா மூஞ்சி என் மூஞ்சி மாதிரியே இல்லை. மத்தியானத்துலேருந்து தலைவலி. எனக்கு என்னமோ சரியா இல்லைங்க."

பக்கத்திலிருந்து மாமியார் போனை வாங்கினார். "ஒண்ணும் இல்லீங்க மாப்பிள்ளை. வெயில் போடற போடுக்கு யாருக்குத்தான் வீங்கலை? இதெல்லாம் சகஜம். காலையில பாத்துக்கலாம்."

எங்களுக்குக் கொடுத்திருந்த தாய்-சேய் அட்டையில் ஆபத்து அறிகுறிகள் படம் போட்டிருக்கும். ஒவ்வொரு செக்கப்பிலும் நர்ஸம்மா அதைத் தொட்டுக் காட்டி ஒப்பிப்பார். முகம், கை திடீரென்று வீங்கினால், தலைவலி விடாமல் இருந்தால், கண் மங்கினால் அல்லது பூச்சி பறந்தால், மேல்வயிறு வலித்தால், நேரம் காலம் பார்க்காமல் பி.பி. பார். நாலு தடவை கேட்டதில் எனக்கும் மனப்பாடம்.

"அத்தை, நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா, காலையில வேண்டாம், இப்பவே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் பி.பி. மட்டும் பாத்துட்டு வந்துடுங்க. ஒண்ணுமில்லைன்னா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றேன். பைக்கை எடுத்தேன்.

நான் போய்ச் சேருவதற்குள் பார்த்துவிட்டார்கள். 150-க்கு 100. சிறுநீரில் புரதம். கர்ப்பத்தில் 20 வாரத்துக்கு மேல் பி.பி. 140-க்கு 90-ஐத் தொட்டாலே டாக்டர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 'ப்ரீ-எக்லாம்ப்ஸியா' என்று பேர் சொன்னார்கள். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. 108 ஆம்புலன்ஸில் ஏற்றித் திருச்சிக்கு அனுப்பினார்கள். நான் பைக்கில் பின்னாலேயே வந்தேன். அந்த இருபது சொச்சம் கிலோமீட்டரில் என்ன நினைத்தேன் என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது. முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மாத்திரை கொடுத்து பி.பி.யை இறக்கினார்கள். விடிகிற நேரத்தில் தலைவலி விட்டது. குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். மோதிரத்தை ஒரு நர்ஸ் நூல் சுற்றிக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

வராந்தா பெஞ்சில் மாமியார் உட்கார்ந்திருந்தார். காபி வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"எங்க அக்காவுக்கு மூஞ்சிதான் முதல்ல வீங்கிச்சு மாப்பிள்ளை" என்றார். "எட்டாம் மாசம். எனக்கு அப்போ பதினாலு வயசு. சூடுன்னு சொல்லி எண்ணெய் தேய்ச்சு விட்டாங்க. ராத்திரி ஜன்னி வந்துது. மாட்டு வண்டி கட்டறதுக்குள்ள போயிட்டா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நேத்து இவ மூஞ்சியைப் பாத்ததும் எனக்கு அக்கா ஞாபகம்தான். பயமா இருந்துச்சு. சகஜம் சகஜம்னு சொன்னா பயம் போயிடும்னு சொன்னேன்" என்றார்.

நமக்கு அட்வைஸ் சொல்கிறவர்கள் எல்லாம் விவரம் தெரியாமல் சொல்வதில்லை என்று எனக்கு அந்த பெஞ்சில்தான் தெரிந்தது. சில பேருக்கு விவரம் தெரிந்த அளவுக்குப் பயம் ஜாஸ்தி. அந்தப் பயத்தோடு தர்க்கம் பண்ணிப் பிரயோஜனம் இல்லை. பி.பி. மெஷினிடம் அழைத்துப் போவதுதான் மரியாதை. அதற்கு முன்னால், 'எனக்கு என்னமோ சரியா இல்லை' என்று அந்த உடம்புக்குச் சொந்தக்காரி சொல்லும்போது காது கொடுக்க வேண்டும்.

அடுத்த சில வாரங்கள் மாத்திரை, வாரம் ரெண்டு செக்கப், சிறுநீர்ச் சோதனை. நான் லீவு போட்டேன். மத்திய அரசு ஊழியருக்கு மனைவியின் பிரசவத்துக்கு 15 நாள் லீவு உண்டு. தனியார் கம்பெனிக்காரர்களுக்கு அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. நான் ரெண்டாவது ஜாதி. இருந்த ஈ.எல். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன். ஹெட் கிளார்க் எதுவும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். ஆனியில், 37 வாரம் முடிந்ததும் வலிக்கு மருந்து கொடுத்துப் பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை. 2 கிலோ 400 கிராம். பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் வரை பி.பி. ஏறக்கூடும் என்பதால் அப்போதும் பார்த்துக் கொண்டே இருந்தோம்.

பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைக்க ஒரு சின்னப் பட்டியல் தருகிறேன்.

சகஜம்: குமட்டல், எரிச்சல், மலச்சிக்கல், குரக்களி, இடுப்புவலி, சாயந்திரக் கால்வீக்கம், அடிக்கடி பாத்ரூம், மாடியேறினால் மூச்சு வாங்குதல்.

சகஜம் இல்லை: முகம், கை வீக்கம், விடாத தலைவலி, கண் மங்கல், விலா எலும்புக்குக் கீழே வலி, ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, காய்ச்சல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் அரிப்பெடுத்தல் (கல்லீரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்), பிள்ளையின் அசைவு குறைதல். இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வண்டி இல்லாவிட்டால் 108.

போன மாதம் லால்குடி போயிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் ஆறாம் மாதம். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து கொண்டு, பாதம் வீங்குது மாமி என்று என் மாமியாரிடம் காட்டிக் கொண்டிருந்தாள். மாமியார் குனிந்து, விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இதெல்லாம் சகஜம்டி" என்றார். பிறகு, "கையைக் காட்டு. மோதிரம் கழலுதா பாரு" என்றார்.